பொதியை எங்கே கட்டுவது?

லினக்ஸ் கணினியில் ஒரு நிரலை நிறுவ ஒற்றை வரிக் கட்டளை போதும். அந்தக் கட்டளைக்கு வந்திறங்குவது மூலநிரல் அல்ல. யாரோ ஒருவர், ஏதோ ஒரு கணினியில், அந்த மூலநிரலைக் கம்பைல் செய்து, கோப்புகளை உரிய இடங்களில் அடுக்கி, கையொப்பமிட்டுக் கட்டிவைத்த பொதி அது. மூலநிரலை எவரும் படிக்கலாம் என்பது கட்டற்ற மென்பொருளின் உயிர்நாடி. ஆனால் பயனரின் கணினியில் ஓடுவது, அந்த மூலத்திலிருந்து பிறந்ததாக அவருக்குச் சொல்லப்படும் இருமக் கோப்பு. அந்தச் சொல்லை எதை வைத்து நம்புவது?

டெபியன் போன்ற லினக்ஸ் வழங்கல்கள் முப்பது ஆண்டுகளாக இந்தக் கேள்வியை வேறொரு வடிவில் கேட்டுக்கொண்டிருக்கின்றன: பொதியை எங்கே கட்டுவது? பராமரிப்பாளரின் சொந்தக் கணினியில் என்பது முதலில் வந்த விடை. பயனரின் கணினியிலேயே கட்டலாம் என்றவர்களும் உண்டு. வழங்கலின் மையச் சர்வர்களில் என்ற விடைதான் இன்று பரவலாக நிலைத்திருக்கிறது. எங்கே கட்டினாலும் ஒரே பொதி வரவேண்டும், வந்துவிட்டால் இடம் ஒரு பொருட்டில்லை என்பது அண்மைக் காலத்து விடை. ஒவ்வொரு கட்டத்திலும் மனிதக் கையிலிருந்த வேலை இன்னும் கொஞ்சம் கருவிகளிடம் போயிருக்கிறது. கட்டும் அறையைக் கருவிகள் பெரும்பாலும் துப்புரவாக்கிவிட்டன. ஐயத்துக்குரிய இடம் இப்போது அந்த அறையின் வாசல்களுக்கு நகர்ந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பராமரிப்பாளரின் மேசை

1993 ஆகஸ்டில் பர்டியூ பல்கலைக்கழக மாணவர் இயன் மர்டாக் டெபியனை அறிவித்தார். அந்தத் திட்டத்திடம் பணமும் இல்லை, சர்வர் கூட்டமும் இல்லை. தன்னார்வலர்கள் ஆளுக்குச் சில பொதிகளைப் பொறுப்பெடுத்துக்கொண்டு, சொந்தக் கணினியில் கட்டி, தாங்களே ஓட்டிப் பார்த்துப் பதிவேற்றினார்கள். இந்த ஏற்பாட்டைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. நிரலை நன்றாக அறிந்தவரே அதைக் கட்டினார். பிழை இருந்தால் அது முதலில் அவர் கண்ணில்தான் பட்டது.

பலவீனம் அந்த மேசையிலேயே இருந்தது. வேறு எதற்காகவோ பல மாதங்களுக்கு முன் நிறுவிய ஒரு நூலகம் அங்கே கிடக்கும். கட்டும்போது நிரல் அதைக் கண்டுபிடித்துச் சத்தமில்லாமல் சேர்த்துக்கொள்ளும். இன்னொருவர் அதே மூலத்தை எடுத்துக் கட்டினால் வேலை பாதியில் நிற்கும். அல்லது ஒரு வசதி குறைந்த பொதி, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வெளிவரும். இரண்டாவது விளைவே ஆபத்தானது. தொடக்க காலப் பொதிகளில், கட்டுவதற்கு என்னென்ன தேவை என்று எழுதிவைக்கத் தனி இடமே கிடையாது.

1995-ல் ரெட் ஹாட் கொண்டுவந்த ஆர்பிஎம் முறை இதில் ஒரு நல்ல ஒழுங்கை நிறுவியது. ஆசிரியர் வெளியிட்ட நிரல் எழுத்து மாறாமல் அப்படியே இருக்கும். வழங்கல் செய்யும் திருத்தங்கள் தனித்தனி பேட்ச் கோப்புகளாக அதன் பக்கத்தில் நிற்கும். கட்டும் செய்முறை முழுவதும் ‘ஸ்பெக்’ என்ற ஒரு கோப்பில் அடங்கும். செய்முறையை மனிதருக்குக் குறிப்பாக எழுதாமல் கருவிக்குக் கட்டளையாக எழுதும்போதுதான் தானியக்கத்துக்கு வழி பிறக்கிறது. டெபியனில் ‘ரூல்ஸ்’ என்ற கோப்பு இதே பணியைச் செய்கிறது.

தானியங்கிக் கட்டலை முதலில் தூண்டியது பாதுகாப்புக் கவலை அல்ல. 1998 ஜூலையில் வெளிவந்த டெபியன் 2.0, இன்டெல் வகைக் கணினிகளோடு மோட்டரோலா 68000 வரிசைச் செயலிகளுக்கும் சேர்த்து வந்தது. அமிகா, அடாரி போன்ற அந்தக் கணினிகள் பெரும்பாலான பராமரிப்பாளர்களிடம் இல்லை. இருந்தவர்களிடமும் அவை மெதுவாக ஓடுபவை. ஆயிரக்கணக்கான பொதிகளை ஒரு சிலர் கையால் கட்டிக்கொண்டிருக்க முடியாது. எந்தப் பொதி இன்னும் கட்டப்படவில்லை என்று பார்த்து, வரிசையிலிருந்து எடுத்து, கட்டி, பதிவேட்டை எழுதிவைக்கும் ‘பில்ட்டி’ என்ற பின்னணி நிரல் அந்தச் செயலிக்காக உழைத்தவர்களிடமிருந்துதான் வளர்ந்தது. ஆள் பற்றாக்குறை பெற்ற பிள்ளை அது. பிறகுதான் பாதுகாப்பு வாதங்கள் வந்து அதைத் தத்தெடுத்துக்கொண்டன.

பயனர் வீட்டு அடுப்பு

பொதியைக் கட்டித் தரவே வேண்டாம், செய்முறையை மட்டும் தந்தால் போதும் என்ற எண்ணம் 1990-களின் நடுவில் ஃப்ரீபிஎஸ்டி இயக்குதளத்தின் ‘போர்ட்ஸ்’ தொகுதியில் உருவம் பெற்றது. லினக்ஸ் உலகில் அதை முழுமூச்சாகப் பின்பற்றியது 2002-ல் முதல் பதிப்பை வெளியிட்ட ஜென்டூ. தன் செயலிக்கு ஏற்றபடி, வேண்டாத வசதிகளை நீக்கி, மூலத்திலிருந்தே கட்டிக்கொள்ளும் சுதந்திரம் பயனருக்குக் கிடைத்தது. இடையில் நிற்கும் கையை நம்பவேண்டியதில்லை என்பதும் இதன் கவர்ச்சி.

ஆனால் பெரிய உலாவி ஒன்றைக் கட்டச் சாதாரண மடிக்கணினி பல மணி நேரம் உழைக்க வேண்டும். கணினிக்குக் கணினி பொதி வேறுபடுவதால், ஒருவருக்கு வரும் பிழையை இன்னொருவரால் கண்டறிவதும் கடினம். மூலத்தைக் கட்டுபவர் மூலத்தைப் படித்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது. ஆர்ச் லினக்ஸின் பயனர் களஞ்சியத்தில் எவரும் செய்முறை எழுதி வைக்கலாம். 2018-ல் அங்கே கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பொதியை ஒருவர் பொறுப்பேற்று, அதன் செய்முறைக்குள் தீய வரிகளைச் சேர்த்தார். செய்முறை அனைவரின் கண்ணெதிரே இருந்தும் அது நடந்தது. 2023 டிசம்பர் இறுதியில் ஜென்டூவே பெரும் எண்ணிக்கையில் ஆயத்தப் பொதிகளை வழங்கத் தொடங்கியது. விருப்பமுள்ளவர்களுக்கு மூலவழி இன்றும் திறந்திருக்கிறது. எல்லோருக்குமான விடையாக அது நிற்கவில்லை.

நடுவண் பண்ணை

இன்று பெரிய வழங்கல்களில் பெரும்பாலானவை மையச் சர்வர் பண்ணைகளில் பொதி கட்டுகின்றன. டெபியனில் பில்ட்டி வலைப்பின்னல்; ஃபெடோராவில் 2007-ன் ஃபெடோரா 7 முதல் கோஜி; ஓப்பன்சூசேயில் ஓப்பன் பில்டு சர்வீஸ்; உபுண்டுவுக்கு லாஞ்ச்பேட். பெயர்கள் வேறானாலும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொரு பொதிக்கும் வெறுமையான ஒரு சிறு அமைப்பு புதிதாக உருவாக்கப்படுகிறது. ஃபெடோராவில் ‘மாக்’, டெபியனில் ‘எஸ்பில்டு’ என்ற கருவிகள் இதைச் செய்கின்றன. செய்முறையில் எழுதியுள்ள தேவைகள் மட்டும் அதற்குள் நிறுவப்படும். கட்டும்போது இணையத்திலிருந்து எதையும் இறக்கக் கூடாது. கட்டி முடித்ததும் பொதியும் பதிவேடும் வெளியே எடுக்கப்படும். அந்த அமைப்பு அழிக்கப்படும்.

மேசையில் மறைந்துகிடந்த நூலகத்தின் சிக்கல் இதோடு தீர்ந்துவிடுகிறது. எழுத மறந்த கட்டாயத் தேவை, முதல் கட்டலிலேயே பிழையாகப் பல்லிளிக்கும். ஓப்பன் பில்டு சர்வீஸ் இன்னும் ஒரு படி போகிறது. ஒரு நூலகம் மாறினால் அதைச் சார்ந்த பொதிகளைத் தானாகவே மீண்டும் கட்டத் தொடங்கிவிடும். எது உடைந்தது என்பது சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். இந்த இடைவிடாத உழைப்பு இல்லாமல் டம்பிள்வீட் போன்ற தொடர் வெளியீட்டு வழங்கலை நினைத்துப் பார்ப்பது கடினம்.

டெபியன் இந்த நிலைக்கு மெதுவாகத்தான் வந்தது. பராமரிப்பாளர் தம் கணினியில் கட்டிய பொதியையும் மூலத்தோடு பதிவேற்றும் பழைய வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. 2019 ஜூலையில்தான், பராமரிப்பாளர் கட்டி அனுப்பும் இருமப் பொதிகள் அடுத்த நிலையான வெளியீட்டுக்குள் நுழையாது என்று வெளியீட்டுக் குழு அறிவித்தது. முதல் தானியங்கிக் கட்டலுக்கும் இந்த விதிக்கும் இடையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள். கருவி தயாரானதுமே வழக்கம் மாறிவிடும் என்று எண்ணுபவர்கள் கவனிக்க வேண்டிய இடைவெளி இது.

வழிவந்த வழங்கல்கள் இந்தப் பண்ணைகளோடு வேறுவேறு விதமாக உறவாடுகின்றன. உபுண்டு டெபியனிடமிருந்து மூலப் பொதிகளை எடுத்து, இருமப் பொதிகளைத் தானே மறுபடி கட்டுகிறது. எல்லோராலும் அது முடியாது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் உட்பட டெபியனை அடித்தளமாகக் கொண்ட வழங்கல்கள் ஏராளம். அடித்தளத்தின் இருமப் பொதியை அப்படியே எடுத்துக்கொள்ளும் ஒரு வழங்கல், அதைக் கட்டிய பண்ணையின் மீதான நம்பிக்கையையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது.

பண்ணையின் பலவீனம் அதன் மையத் தன்மையே. 2008 ஆகஸ்டில் ரெட் ஹாட் நிறுவனத்தின் அமைப்புகளுக்குள் ஊடுருவிய ஒருவரால் தொலைநுழைவுக்கு உதவும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சின் சில பொதிகளுக்குக் கையொப்பம் பெற முடிந்தது. ஆயிரம் மேசைகளில் பரவியிருந்த ஆபத்து ஒரே கூடத்தில் குவிந்தால், அந்தக் கூடத்தின் ஒரு விரிசல் எல்லோரையும் பாதிக்கக்கூடும்.

இரண்டாவது பலவீனம் நுட்பமானது. பண்ணை சொன்னதைச் செய்யும். சொன்னது சரியா என்று கேட்காது. 2006-ல் குறியாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் டெபியன் பொதியில், நினைவகச் சோதனைக் கருவிகள் தந்த எச்சரிக்கையை அடக்க நிரலின் சில வரிகள் நீக்கப்பட்டன. சமவாய்ப்பு எண்களுக்கு உயிர் தந்த வரிகள் அவை. விளைவாக, உருவான சாவிகள் செயல்முறை எண்ணை மட்டுமே சார்ந்தன. ஒரு குறிப்பிட்ட வகை, அளவுச் சாவிக்கு 32,767 வாய்ப்புகளே மிஞ்சின. 2008 மே மாதம் அது வெளிப்படும் வரை, பண்ணை அந்தப் பொதியை எல்லாச் செயலிகளுக்கும் பிசகில்லாமல் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

உள்ளீடுகளே பெயராக

பண்ணையின் தூய அறை என்ற எண்ணத்தைக் கோட்பாடாகவே உயர்த்தியது நிக்ஸ். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2006-ல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு அதற்கு அடிப்படை. பொதி கட்டுவதை ஒரு கணிதச் சார்பாகப் பார்க்கிறது அது. மூலநிரல், கம்பைலர், நூலகங்கள், செய்முறை ஆகிய எல்லா உள்ளீடுகளிலிருந்தும் ஹாஷ் என்ற அடையாள எண் கணக்கிடப்பட்டு, பொதி அமரும் பாதையின் பெயரிலேயே பொறிக்கப்படுகிறது. ஓர் உள்ளீடு மாறினாலும் பெயர் மாறும். ஒரே நூலகத்தின் இரண்டு பதிப்புகள் மோதாமல் அருகருகே இருக்கலாம். 2012-ல் தொடங்கிய குனு கைக்ஸ் இதே வழியை ஸ்கீம் மொழியில் தொடர்கிறது.

இதன் அழகை மறுப்பதற்கில்லை. எனினும் பெயர் உறுதிசெய்வது உள்ளீட்டைத்தான், விளைவை அல்ல. அதே உள்ளீடுகளிலிருந்து இரண்டு முறை கட்டினால் இரண்டு வேறு இருமக் கோப்புகள் வரலாம், பெயர் மட்டும் ஒன்றாக இருக்கும். அடித்தள நூலகத்தில் ஒரு திருத்தம் என்றால் அதன் மேல் நிற்கும் ஆயிரக்கணக்கான பொதிகள் மறுபடி கட்டப்பட வேண்டும். அவசரப் பாதுகாப்புத் திருத்தங்களுக்காக ‘ஒட்டுப் போடும்’ குறுக்குவழி ஒன்றைக் கைக்ஸ் வைத்திருக்கிறது. நடைமுறையில் பெரும்பாலான பயனர்கள் மையக் களஞ்சியத்திலிருந்து ஆயத்த விளைவையே இறக்குகிறார்கள். சுற்றி வந்து பண்ணைக்கே திரும்பிவிடுகிறோம்.

இரண்டாம் முறை கட்டிப் பார்த்தல்

பண்ணையை நம்பாமல் சோதிக்க ஒரு வழி உண்டு. அதே மூலத்தை வேறொருவர் வேறொரு கணினியில் கட்டட்டும். இரண்டு பொதிகளும் பிட்டுக்குப் பிட்டு ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கட்டும். பிட்காயின், டோர் உலாவித் திட்டங்கள் இந்த வழியில் முன்பே நடந்தன. ஒரு முழு வழங்கலுக்கும் இதைச் செய்யலாம் என்று டெபியனில் லூனார் என்று அறியப்பட்டவரும் தோழர்களும் 2013-ல் தொடங்கினார்கள். அதுவே இன்று பல வழங்கல்கள் கைகோத்திருக்கும் ரீப்ரொடியூசிபிள் பில்ட்ஸ் இயக்கம்.

கேட்க எளிது, செய்து பார்த்தபோது பொதிகள் அற்பக் காரணங்களால் மாறுபட்டன. கட்டிய நேரத்தை நிரல் தனக்குள் எழுதிக்கொள்ளும். கோப்புகளை அடுக்கும் வரிசை வட்டின் மனம்போல மாறும். மொழி அமைப்பு மாறினால் அகரவரிசை மாறும். கட்டிய அடைவின் பாதை, கணினியின் பெயர், நேர வலயம் எல்லாம் பொதிக்குள் ஒட்டிக்கொண்டு வரும். இவற்றை ஒவ்வொன்றாகக் களைந்த பொறுமைதான் இந்த இயக்கத்தின் சாதனை என்று தோன்றுகிறது. ‘சோர்ஸ் டேட் எபோக்’ என்ற ஒரு சூழல் மாறியை வரையறுத்து, கட்டும் நேரத்துக்குப் பதில் அதிலுள்ள நிலையான நேரத்தைப் பயன்படுத்துமாறு கம்பைலர்களையும் ஆவணக் கருவிகளையும் இணங்கவைத்தார்கள். இரண்டு பொதிகள் எங்கே மாறுபடுகின்றன என்று உரித்துக் காட்ட ‘டிஃபோஸ்கோப்’ என்ற கருவியை எழுதினார்கள். இன்று டெபியனின் சோதனைகளில் பத்தில் ஒன்பது பொதிகளுக்கும் மேல் ஒத்துவருகின்றன.

இதற்கும் ஆழமான ஓர் ஐயம், இயக்கம் பிறப்பதற்கு முன்பே எழுப்பப்பட்டிருந்தது. டூரிங் விருதுப் பேருரையாக 1984-ல் வெளியான கட்டுரையில் கென் தாம்சன் காட்டிய சிக்கல் அது. கம்பைலரே கெட்டுப்போயிருந்தால், தூய மூலத்திலிருந்தும் நஞ்சு கலந்த நிரலே வரும். அதே கம்பைலரால் தன் தூய மூலத்தைக் கட்டும்போதும் நஞ்சு தன்னைத்தானே நகலெடுத்துக்கொள்ளும். எல்லோரும் அதே கெட்ட கம்பைலரைப் பயன்படுத்தினால் எல்லோருடைய பொதிகளும் அழகாக ஒத்துப்போகும். வேறு குலத்தைச் சேர்ந்த இரண்டாவது கம்பைலரைக் கொண்டு கட்டி ஒப்பிடலாம் என்று டேவிட் வீலர் காட்டினார். 2009-ல் அவரது ஆய்வேடு இதை நிறுவியது. கைக்ஸ் வேறு வழி கண்டது. 2023-ல் வெறும் 357 பைட் அளவுள்ள ஒரு விதை நிரலிலிருந்து தொடங்கி, படிப்படியாக முழுக் கம்பைலர் வரை மூலத்திலிருந்தே கட்டிக் காட்டியது. அந்த விதையை மனிதர் கண்ணால் பார்த்தே சரிபார்க்கலாம். அந்த ஓட்டத்தை நடத்த ஒரு ஸ்கீம் இயக்கியும் அதன் கீழே ஒரு லினக்ஸ் கெர்னலும் இன்னமும் ஆயத்த இருமமாகத் தேவைப்படுகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எக்ஸ்இசட் காட்டிய வாசல்

2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருப்பதை அறிவித்தார். எஸ்எஸ்ஹெச் வழியே தொலைவிலிருந்து நுழையும்போது அரை விநாடி கூடுதலாக ஆவதையும், வால்கிரைண்ட் என்ற நினைவகச் சோதனைக் கருவி தந்த சில எச்சரிக்கைகளையும் அவர் அலட்சியப்படுத்தவில்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் கதையில் இதே வகை எச்சரிக்கையை அடக்கப் போய்ச் சாவிகள் கெட்டன. இங்கே அதைத் துருவிப் பார்த்ததால் பின்கதவு அகப்பட்டது.

பொதி கட்டுபவர்களுக்கு இந்நிகழ்வு சொன்ன செய்தி வேறு எதையும்விடக் கூர்மையானது. அந்தத் தீய வரிகள், தாங்கள் ஓடும் இடம் டெபியனின் ரூல்ஸ் கோப்பு உள்ள அடைவா, அல்லது ஆர்பிஎம் கட்டும் சூழலா என்று முதலில் பார்த்தன. ஆம் என்றால் மட்டுமே வேலையைத் தொடங்கின. மூலத்தைக் கையால் கட்டிப் பார்க்கும் ஆர்வலர் எதையும் காண மாட்டார். தூய அறையில் தானாகக் கட்டப்படும் பொதிக்குள் மட்டும் நஞ்சு இறங்கும். தானியங்கிப் பண்ணைகளே குறி.

பின்கதவின் ஒரு கண்ணி, பொதுவில் பார்க்கும் மூலக் களஞ்சியத்தில் இல்லாமல், வெளியீட்டுச் சுருக்கக் கோப்பில் மட்டும் சேர்க்கப்பட்ட ஓர் எம்4 கோப்பில் இருந்தது. டெபியன் தன் வழக்கப்படி கட்டமைப்பு நிரலைப் புதிதாக உருவாக்கியும் பயனில்லை. உருவாக்க எடுத்துக்கொண்டதே அந்தக் கோப்பைத்தான். எஸ்எஸ்ஹெச் சேவை இயல்பாக எக்ஸ்இசட்டின் நூலகத்தைத் தொடுவதில்லை. சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியோடு பேசுவதற்காகச் சில வழங்கல்கள் தாமே சேர்த்திருந்த பேட்ச் வழியாகத்தான் தொடர்பு ஏற்பட்டது. மீளக் கட்டிப் பார்க்கும் சோதனையும் இதைப் பிடித்திருக்காது: நஞ்சு கலந்த மூலத்தை எத்தனை பேர் கட்டினாலும் ஒரே நஞ்சுப் பொதி பிட் மாறாமல் வரும்.

மேலோட்டமான பாடம், சுருக்கக் கோப்பை விட்டுவிட்டு மூலக் களஞ்சியத்திலிருந்தே நேராகக் கட்டலாம் என்பது. டெபியனில் அண்மையில் நடைமுறைக்கு வந்த ‘டேக் டு அப்லோட்’ அந்தத் திசையில் ஒரு படி: பராமரிப்பாளர் களஞ்சியத்தின் ஒரு நிலைக்குக் கையொப்பமிடுவார், மூலப் பொதியைச் சர்வரே அதிலிருந்து உருவாக்கும். நல்ல மாற்றம், ஆனால் போதுமானதல்ல. நஞ்சின் பெரும்பகுதி, சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் களஞ்சியத்துக்குள்ளேயே இருந்தது. அதை வைத்தவர் இரண்டாண்டுகளுக்கும் மேலாக உதவிசெய்து, களைத்துப்போயிருந்த ஒரே பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்றவர்.

செய்முறையையும் கருவியே எழுதினால்

கட்டுவது மட்டுமல்ல, செய்முறை எழுதுவதும் கருவிகளிடம் போய்க்கொண்டிருக்கிறது. டெபியனில் பக்கக்கணக்கில் நீண்ட ரூல்ஸ் கோப்பு, 2008-ல் வந்த டெப்ஹெல்பர் 7-க்குப் பின் மூன்றே வரிகளில் அடங்கலாயிற்று. ரஸ்ட், பெர்ல், கோ மொழி நூலகங்களுக்குச் செய்முறையை ஏறத்தாழ முழுவதுமாக உருவாக்கித் தரும் கருவிகள் உள்ளன. ஒரு ரஸ்ட் நிரல் நூற்றுக்கணக்கான குட்டி நூலகங்களைச் சார்ந்திருக்கும் நிலையில் வேறு வழியும் இல்லை.

கருவிக்குத் தெரிவது, ஆசிரியர் எந்திரத்துக்காக எழுதிவைத்த விவரம் மட்டுமே. ஒரு மூலையில் கிடக்கும் கோப்பு வேறொருவரின் வேறு உரிமத்தில் வந்தது என்பதோ, நிறுவியதும் ஒரு சேவை தானாகத் தொடங்கலாமா என்பதோ அதற்குத் தெரியாது. டெபியனுக்குள் முதன்முறை நுழையும் ஒவ்வொரு பொதியின் உரிமத்தையும் இன்றும் மனிதர்களே பார்க்கிறார்கள். அந்த வரிசையில் காத்திருப்பது குறித்த குறைகள் நியாயமானவை. நிரல் ஆசிரியரே எல்லா நூலகங்களையும் உள்ளடக்கிக் கட்டித் தரும் ஃபிளாட்பேக், ஸ்னாப் முறைகளுக்கு ஆதரவு பெருக அதுவும் ஒரு காரணம். அங்கே வேகம் உண்டு. ஆனால் ஒரு நூலகத்தில் ஓட்டை கண்டால், அதை உள்ளடக்கிய பொதிகளில் எவை இன்னும் திருத்தப்படவில்லை என்று தேடித் திரிய வேண்டியிருக்கும்.

தீராமல் நிற்பவை

கட்டும் அறையைப் பொறுத்தவரை கருத்தொற்றுமை ஏறக்குறைய வந்துவிட்டது. வெற்று அறை, எழுதப்பட்ட தேவைகள், அணைக்கப்பட்ட இணையம், ஒத்துவரும் விளைவு என்பதை இன்று பெரிய வழங்கல் எதுவும் கொள்கையளவில் எதிர்ப்பதாகத் தெரியவில்லை. மூலம் நுழையும் உள்வாசலில் நிலைமை வேறு. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் ஏறத்தாழ 70,000 பொதிகள். டெபியனின் முழு உறுப்பினர்கள் ஆயிரம் பேரளவில். ஒவ்வொரு புதிய பதிப்பிலும் மாறிய வரிகளை யாரேனும் படிக்கிறார்களா என்பதற்கு எந்தப் பண்ணையின் பதிவேட்டிலும் சான்று இல்லை. அந்தச் சான்றைப் பொதியோடு சேர்த்து அனுப்ப முடியுமா, முடிந்தால் அது வெறும் சடங்காகிவிடாமல் காப்பது எப்படி என்பதில் இப்போதைக்கு முன்மொழிவுகளே உண்டு.

பொதி பயனருக்குப் போகும் வெளிவாசலில் கருவிகள் தயார், விதி தயாராகவில்லை. ஆர்ச், டெபியன் இரண்டிலும் வெளியான பொதிகளை மறுபடி கட்டி ஒப்பிடும் சர்வர்கள் இயங்குகின்றன. பயனரின் கணினியோ இயல்பாக இன்னும் வழங்கலின் ஒற்றைக் கையொப்பத்தை மட்டுமே பார்க்கிறது. எத்தனை பேர் தனித்தனியாகக் கட்டி ஒப்பினால் போதும்? அவர்கள் அனைவரும் ஒரே மேகக்கணிமை நிறுவனத்தின் கணினிகளை வாடகைக்கு எடுத்திருந்தால் அதைத் தனித்தனி என்று சொல்லலாமா? மூவரில் ஒருவரின் விளைவு மட்டும் மாறுபடுகிறது, காரணம் பெரும்பாலும் ஒரு நேரமுத்திரைதான், ஆனால் வந்திருப்பது அவசரப் பாதுகாப்புத் திருத்தம் என்றால், நிறுவும் கருவி அங்கே நிற்க வேண்டுமா, எச்சரித்துவிட்டு மேலே போக வேண்டுமா?